ராக் அண்ட் ரோல் 1959-லேயே செத்துப்போச்சா? பட்டி ஹாலியின் 22 வருட வாழ்க்கை சொல்லும் பதில்

ராக் இசை செத்துப்போச்சு என்று சில வருடங்களுக்கு ஒருமுறை யாராவது அறிவித்துவிடுவார்கள். 2017-ல் அந்தப் பேச்சுக்கு ஒரு புள்ளிவிவரமும் கிடைத்தது. அமெரிக்காவில் மக்கள் எந்த வகைப் பாட்டை எவ்வளவு கேட்கிறார்கள், வாங்குகிறார்கள் என்று கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தின் அந்த ஆண்டு அறிக்கையில், ஆர் அண்ட் பி, ஹிப்-ஹாப் பிரிவு முதல்முறையாக ராக்கை முந்தியது. கிட்டார் காலம் முடிஞ்சது, இனி லேப்டாப் காலம்தான் என்ற பேச்சு சூடுபிடித்தது.

ஆனால், ராக்குக்கு இரங்கல் எழுதுவது புதுப் பழக்கம் இல்லை. அதன் முதல் மரணத்துக்கு ஒரு தேதியே குறித்து வைத்திருக்கிறார்கள்: 1959 பிப்ரவரி 3. அன்று நள்ளிரவு தாண்டி அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன விமானம் சோளக்காட்டில் விழுந்தது. மூன்று பாடகர்களும் விமானியும் இறந்துபோனார்கள். அந்த மூவரில் ஒருவர் பட்டி ஹாலி. வயது 22.

1971-ல் டான் மெக்லீன் என்ற பாடகர் அந்த விபத்தை மையமாக வைத்து 'அமெரிக்கன் பை' என்ற பாட்டை வெளியிட்டார். அதன் பிறகுதான் அந்தத் தேதிக்கு 'இசை இறந்த நாள்' என்ற பெயர் நிலைத்தது. அதாவது, விபத்து நடந்து 12 வருடம் கழித்து வந்த பெயர் இது.

அந்தப் பெயர் சரிதானா? ஹாலியின் முதல் ஹிட் முதலிடத்துக்கு வந்ததற்கும் அவர் இறந்ததற்கும் நடுவில் 17 மாதம்கூட முழுசாக இல்லை. அந்த 17 மாதத்தைப் புரிந்துகொண்டால், ராக் செத்துவிட்டதா, வளர்கிறதா என்ற விவாதத்தில் பாதி தெளிந்துவிடும்.

பருத்திக்காட்டு ஊரில் ஒரு ரேடியோ

1936 செப்டம்பர் 7-ல், டெக்சாஸ் மாநிலத்தின் லப்பக் நகரத்தில் சார்ல்ஸ் ஹார்டின் ஹாலி பிறந்தார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயர்தான் 'பட்டி'. சுற்றிலும் பருத்தி வயல், தெருவுக்குத் தெரு தேவாலயம், கண்டிப்பான பாப்டிஸ்ட் குடும்பம். வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் பள்ளிக்கூடம் முதல் சுடுகாடு வரை எல்லாமே தனித்தனி என்று இருந்த காலம் அது.

ஆனால், ரேடியோ அலைக்கு அந்தச் சுவர் தெரியாது. ராத்திரி நேரத்தில் காரில் உட்கார்ந்து, லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நிலையத்திலிருந்து வரும் கறுப்பின இசைக் கலைஞர்களின் பாட்டுகளை ஹாலியும் நண்பர்களும் கேட்பார்கள். பகலில் உள்ளூர் ரேடியோவில் அவர் பாடியதோ கன்ட்ரி பாட்டு. பள்ளித்தோழன் பாப் மாண்ட்கோமரியுடன் சேர்ந்து 'பட்டி அண்ட் பாப்' என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்தார்.

1955-ல் எல்விஸ் பிரெஸ்லி லப்பக்கிற்கு வந்து பாடினார். ராத்திரி ரேடியோவையும் பகல் ரேடியோவையும் ஒரே மேடையில் கலக்கலாம் என்பதை ஹாலி நேரில் பார்த்தது அப்போதுதான். அதே வருடம் அண்ணனிடம் கடன் வாங்கி ஒரு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினார். அந்த மாடல் சந்தைக்கு வந்தே ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

ஒரு பாட்டு, இரண்டு பெயர்

1956-ல் டெக்கா ரெக்கார்ட்ஸ் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தத் தாளில் அவருடைய குடும்பப் பெயரிலிருந்து ஓர் எழுத்து விடுபட்டுப் போனது. அந்தப் பிழையோடுதான் அவர் இன்றுவரை உலகத்துக்குத் தெரிகிறார்.

நாஷ்வில் நகரத்து ஸ்டூடியோவில் நடந்த பதிவுகள் எடுபடவில்லை. எந்தப் பாட்டை எப்படிப் பாட வேண்டும், யார் வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் கம்பெனியின் முடிவு. அந்த வருடம் ஜூலையில் அங்கே பதிவான பாட்டுகளில் ஒன்று 'தட்'ல் பி த டே'. டெக்கா அதை வெளியிடாமல் கிடப்பில் போட்டது. 1957 தொடக்கத்தில் ஹாலியையும் கைகழுவியது.

லப்பக்கிலிருந்து சுமார் 160 கி.மீ. தூரத்தில், நியூ மெக்சிகோவின் கிளோவிஸ் ஊரில் நார்மன் பெட்டி என்பவர் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். மற்ற இடங்களில் மணிக்கணக்கில் வாடகை. இவர் மட்டும் பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினார். எத்தனை மணி நேரம் ஆனாலும் மீட்டர் ஓடாது. 1957 பிப்ரவரி 25-ல் ஹாலியின் குழு அங்கே போய் அதே 'தட்'ல் பி த டே'யை மறுபடி பதிவு செய்தது.

இதில் ஒரு சிக்கல். டெக்காவில் பதிவு செய்த பாட்டை ஐந்து வருடத்துக்கு வேறு எங்கேயும் பதிவு செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. அதனால் ஹாலியின் பெயர் வெளியே தெரியக் கூடாது. குழுவுக்குப் பூச்சிப் பெயர் ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள்: 'கிரிக்கெட்ஸ்'. விளையாட்டு இல்லை, ராத்திரியில் கத்தும் சில்வண்டு. ஒப்பந்தத்தைச் சமாளிக்க வைத்த பெயர் அது. அந்தப் பாட்டை கடைசியில் வெளியிட்ட பிரன்ஸ்விக் நிறுவனம் டெக்காவுக்கே சொந்தமானது என்பது தனி வேடிக்கை.

1957 மே மாதம் பாட்டு வெளியானது. செப்டம்பரில் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம். நவம்பரில் பிரிட்டனிலும் முதலிடம். டெக்கா வேண்டாம் என்று ஒதுக்கிய அதே பாட்டுதான். எப்படிப் பதிவு செய்வது என்ற முடிவு பாடியவர்கள் கைக்கு வந்ததுதான் வித்தியாசம்.

தொடையில் தட்டி, அட்டைப்பெட்டியில் தட்டி

கிளோவிஸ் ஸ்டூடியோவில் அடுத்த ஒரு வருடத்தில் நடந்ததுதான் இந்தக் கதையில் முக்கியமான பகுதி. இன்றைய ஹோம் ஸ்டூடியோ தலைமுறைக்கு அது நன்றாகவே புரியும்.

'எவ்ரிடே' பாட்டில் டிரம்ஸ் சத்தம் அதிகமாகத் தெரிந்ததால், டிரம்மர் ஜெர்ரி அலிசன் தன் தொடையில் தட்டியே தாளம் கொடுத்தார். அதில் மணி மாதிரி ஒலிப்பது செலஸ்டா என்ற கருவி. வாசித்தவர் பெட்டியின் மனைவி வை பெட்டி. 'நாட் ஃபேட் அவே' பாட்டுக்கு அலிசன் தட்டியது ஒரு அட்டைப்பெட்டியை. 'வேர்ட்ஸ் ஆஃப் லவ்' பாட்டில் ஹாலி தன் குரலின் மேலேயே தன் குரலை இன்னொரு முறை பதிவு செய்து, ஒற்றை ஆளாக இரட்டைக் குரலில் பாடினார். லெஸ் பால் போன்றவர்கள் முன்பே செய்து காட்டிய வித்தைதான். ஆனால், 20 வயது ராக் பாடகர் ஒருவர் அதைத் தன் கையில் எடுத்தது அன்றைக்குப் புதுசு.

'நாட் ஃபேட் அவே'யின் தாளம் ஹாலி கண்டுபிடித்தது இல்லை. அது போ டிட்லி என்ற கறுப்பினக் கலைஞர் பிரபலப்படுத்திய தாளம். அதன் வேர் இன்னும் பின்னால், கைதட்டியும் உடம்பில் தட்டியும் தாளம் போட்ட ஆப்பிரிக்க அமெரிக்க மரபில் இருக்கிறது. ராக் அண்ட் ரோல் பிறந்ததே இப்படிக் கடன் வாங்கித்தான். கடன் கொடுத்தவர்களுக்குப் பெயரும் பணமும் பல நேரம் போய்ச் சேரவில்லை என்பதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதி. 1957 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹார்லெமில் உள்ள அப்பல்லோ தியேட்டரில் கறுப்பின ரசிகர்கள் முன்னால் கிரிக்கெட்ஸ் குழு ஒரு வாரம் வாசித்தது. தாளம் பிறந்த வீட்டிலேயே போய் வாசித்துக் காட்டுவது மாதிரி.

இந்தக் கிளோவிஸ் வேலையிலிருந்து ஒரு வேலைமுறை பிறந்தது. இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். பாட்டை நீங்களே எழுதுங்கள், நீங்களே வாசியுங்கள், ஸ்டூடியோவில் நீங்களே முடிவெடுங்கள். இன்று நம் கல்லூரி கல்ச்சுரல்ஸ் மேடையில் ஏறும் நாலு பேர் பேண்டும் இந்த அச்சில் வார்த்ததுதான். இதைத் தனியாக ஹாலி மட்டும் உருவாக்கவில்லை. ஆனால், ஊர் ஊராகக் கொண்டுபோய், நாமும் செய்யலாம் போலிருக்கே என்று பையன்களை நினைக்க வைத்ததில் அவர் பங்கு பெரிசு. எல்விஸ் மாதிரி அழகு வேண்டாம். தடிமனான கறுப்பு ஃபிரேம் கண்ணாடி போட்டிருந்தாலும் போதும்.

பிரிட்டனில் 25 நாள்

1958 மார்ச் மாதம் கிரிக்கெட்ஸ் பிரிட்டனில் 25 நாள் சுற்றுப்பயணம் செய்தது. மார்ச் 2-ல் லண்டன் பலேடியத்திலிருந்து டிவியில் ஒளிபரப்பான நிகழ்ச்சியை லிவர்பூலில் இரண்டு பையன்கள் பார்த்தார்கள்: ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி. கிட்டாரில் எந்த விரல் எங்கே போகிறது என்பதுதான் அவர்கள் கவனம். லண்டனின் வுல்விச் பகுதியில் நடந்த கச்சேரிக்குப் போயிருந்த இன்னொரு டீன்ஏஜ் பையன் மிக் ஜாகர்.

அடுத்த நாலு மாதத்தில், 1958 ஜூலையில், லெனனும் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் இருந்த 'குவாரிமென்' குழு காசு கொடுத்து முதல்முறையாக ஒரு பாட்டைப் பதிவு செய்தது. எந்தப் பாட்டு? 'தட்'ல் பி த டே'. பிறகு குழுவுக்குப் புதுப் பெயர் தேடியபோது, சில்வண்டைப் பார்த்து வண்டைப் பிடித்தார்கள். அப்படித்தான் 'பீட்டில்ஸ்' வந்தது.

நியூயார்க்: ராக்கை விட்டு விலகினாரா?

ஹாலி ஒரே இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. 1958 ஜூனில், நியூயார்க்கில் ஒரு இசைப் பதிப்பு அலுவலகத்தில் வரவேற்பாளராக இருந்த மரியா எலெனா சாண்டியாகோவைச் சந்தித்தார். பியூர்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். முதல்முறை வெளியே சாப்பிடப் போன அன்றே திருமணத்துக்குக் கேட்டுவிட்டார். ஆகஸ்டில் கல்யாணம். இருவரும் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் குடியேறினார்கள்.

அக்டோபர் 21-ல் நடந்த பதிவில், கிட்டார் சத்தத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, வயலின் வரிசையோடு ஆர்கெஸ்ட்ராவை முன்னால் வைத்துப் பாடினார். 'ட்ரூ லவ் வேஸ்' அந்தப் பதிவில் வந்ததுதான். ராக் அண்ட் ரோல் ரசிகன் ஒருவன் அன்றைக்கு அதைக் கேட்டிருந்தால், ஹாலி விலைபோய்விட்டார் என்றுகூடச் சொல்லியிருப்பான். பிற்காலத்தில், 1965-ல் பாப் டிலன் நியூபோர்ட் விழாவில் எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடை ஏறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டதும் இதே மனநிலையில்தான். இசை மாறும்போதெல்லாம் பழைய ரசிகனுக்கு அது சாவு மாதிரி தெரிகிறது.

வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் வைத்து, கிட்டார் மட்டும் துணையாக ஹாலி புதுப் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார். படுக்கையறை ஸ்டூடியோ என்று இன்று சொல்கிறோமே, அதன் 1958 மாடல்.

ஆனால், கையில் பணம் இல்லை. குழுவின் வருமானம் மேனேஜராகவும் இருந்த பெட்டியின் கட்டுப்பாட்டில் இருந்தது. பல பாட்டுகளில் எழுதியவர் வரிசையில் பெட்டியின் பெயரும் சேர்ந்திருந்தது. 'பெகி சூ' முதலில் வெளியானபோது அந்த வரிசையில் ஹாலியின் பெயரே இல்லை. 1958 கடைசியில் அவர் பெட்டியிடமிருந்து பிரிந்தார். கிரிக்கெட்ஸ் கூட்டாளிகள் பெட்டியோடு தங்கிவிட்டார்கள். கணக்கு தீரவில்லை, பணமும் வரவில்லை. மனைவியோ கர்ப்பமாக இருந்தார். அந்த நிலையில் வந்த வாய்ப்புதான் 'விண்டர் டான்ஸ் பார்ட்டி'.

24 நாள், 24 ஊர்

1959 ஜனவரி 23-ல் மில்வாக்கியில் தொடங்கிய அந்தச் சுற்றுப்பயணத்தின் திட்டம் இதுதான்: 24 நாளில் 24 ஊர், இடையில் ஓய்வு நாள் கிடையாது. வரைபடத்தில் அந்த ஊர்களைக் கோடு போட்டு இணைத்தால் நேர்ப்பாதை வராது. முன்னும் பின்னுமாகக் கிறுக்கியது போல இருக்கும். வட அமெரிக்காவின் உச்சக் குளிர்காலம். ஹீட்டர் வேலை செய்யாத பஸ். ஒன்று பழுதானால் இன்னொன்று, அதுவும் பழுதாகும். நடுவழியில் பஸ் நின்றுபோனதில் டிரம்மர் கார்ல் பன்ச்சுக்குப் பனியில் கால் பாதித்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 2. அயோவாவின் கிளியர் லேக் ஊரில் கச்சேரி. அடுத்த ஊரான மூர்ஹெட் ஏறத்தாழ 590 கி.மீ. தூரம். கொஞ்ச நேரம் தூங்க வேண்டும், அழுக்குத் துணியைத் துவைக்கக் கொடுக்க வேண்டும். அதனால் ஹாலி ஒரு சின்ன விமானத்தை வாடகைக்குப் பேசினார். ஆளுக்கு 36 டாலர். விமானியைத் தவிர மூன்று பேருக்குத்தான் இடம்.

பேஸ் வாசித்த வேலன் ஜென்னிங்ஸ், காய்ச்சலில் இருந்த ஜே.பி. ரிச்சர்ட்சனுக்குத் தன் சீட்டை விட்டுக்கொடுத்தார். 'பிக் பாப்பர்' என்று அழைக்கப்பட்ட அவருக்கு வயது 28. கிட்டார் வாசித்த டாமி ஆல்சப்பும் 17 வயது ரிச்சி வேலன்ஸும் காசு சுண்டிப் பார்த்தார்கள். ஜெயித்தது வேலன்ஸ்.

விமானி ரோஜர் பீட்டர்சனுக்கு 21 வயது. வெளியே எதுவும் தெரியாத நிலையில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதிச் சான்று அவரிடம் இல்லை. வானிலை எச்சரிக்கைகளும் அவருக்குச் சொல்லப்படவில்லை. புறப்பட்ட சில நிமிடங்களில், விமான நிலையத்திலிருந்து பத்து கி.மீ. தூரத்துக்குள்ளேயே விமானம் விழுந்தது. விசாரணை அறிக்கை சுட்டிய காரணங்கள் இவைதான்.

அதாவது, இங்கே விதியும் இல்லை, சாபமும் இல்லை. மோசமான அட்டவணை, மோசமான பஸ், முடங்கிக் கிடந்த சம்பளப் பணம், சரியாகக் கைமாறாத தகவல். வேலைக்குப் போன இடத்தில் நடந்த விபத்து. 'இசை இறந்த நாள்' என்று காவியமாகச் சொல்லும்போது இந்தக் கணக்கு மறைந்துவிடுகிறது.

செய்தியை மரியா எலெனா டிவி பார்த்துத் தெரிந்துகொண்டார். சீக்கிரமே அவருடைய கருவும் கலைந்துபோனது. சுற்றுப்பயணத்தையோ நிறுத்தவில்லை. அன்று ராத்திரியே மூர்ஹெட்டில் கச்சேரி நடந்தது.

அப்போ, செத்தது எது?

ராக் அண்ட் ரோல் 1959 வாக்கில் செத்தது என்று சொல்பவர்கள் காட்டும் பட்டியல் வலுவானதுதான்:

- 1957 அக்டோபர்: லிட்டில் ரிச்சர்ட் ராக்கை விட்டுவிட்டு மதப்பணிக்குப் போகிறார்.
- 1958 மார்ச்: எல்விஸ் ராணுவத்தில் சேர்கிறார்.
- 1958 மே: 13 வயது உறவுக்காரப் பெண்ணைத் திருமணம் செய்தது வெளியே தெரிந்து ஜெர்ரி லீ லூயிஸின் மார்க்கெட் சரிகிறது.
- 1959 பிப்ரவரி: விமான விபத்து.
- 1959 நவம்பர்: காசு வாங்கிக்கொண்டு பாட்டு ஒலிபரப்பும் ஊழல் விவகாரத்தில் ரேடியோ பிரபலம் ஆலன் ஃப்ரீட் வேலையை இழக்கிறார்.
- 1959 டிசம்பர்: சக் பெரி கைது.
- 1960 ஏப்ரல்: பிரிட்டனில் நடந்த கார் விபத்தில் எடி காக்ரன் மரணம்.

சரி. இப்போது அதே காலகட்டத்தின் இன்னொரு பட்டியல்:

- 1958 ஜூலை: லிவர்பூலில் குவாரிமென் குழுவின் முதல் பதிவு.
- 1959 ஜனவரி 12: டெட்ராய்ட்டில் பெரி கோர்டி 'டாம்லா ரெக்கார்ட்ஸ்' தொடங்குகிறார். இதுதான் பிறகு மோடவுன் ஆனது.
- 1959 ஜனவரி 31: டுலூத் ஊரில் ஹாலியின் கச்சேரியை 17 வயது பையன் ஒருவன் முன்னால் நின்று பார்க்கிறான். பின்னாளில் அவன் பெயர் பாப் டிலன்.
- 1959 பிப்ரவரி 3: மூர்ஹெட் மேடையில் ஹாலியின் இடத்தை நிரப்ப 15 வயது உள்ளூர்ப் பையன் பாபி வீ தன் குழுவோடு ஏறுகிறான். பின்னாளில் அவனும் ஹிட் பாடகன்.

இரண்டு பட்டியலும் உண்மை. முதல் பட்டியலில் இருப்பவர்கள் அன்றைய நட்சத்திரங்கள். இரண்டாவதில் இருப்பவர்களின் பெயர் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இரங்கல் எழுதுபவர்கள் முதல் பட்டியலை மட்டும் பார்த்து எழுதுகிறார்கள். ஏன்னா, இரண்டாவது பட்டியலைப் பார்க்கப் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

1964-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 'நாட் ஃபேட் அவே'யைப் பாடி பிரிட்டனில் 3-ம் இடம் பிடித்தது. அதே வருடம் பீட்டில்ஸ் 'வேர்ட்ஸ் ஆஃப் லவ்' பாட்டைப் பதிவு செய்தது. 1978-ல், ஹாலி இறந்து 19 வருடம் கழித்து, அவருடைய பாட்டுத் தொகுப்பு பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

வளர்வது வேறு, பாடம் செய்து வைப்பது வேறு

இதனால் ராக்குக்குச் சாவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒன்று உண்மையிலேயே முடிந்துவிட்டது: இளைஞர்கள் எல்லோரும் பேசும் பொதுமொழியாக ராக் இருந்த காலம். 2017-ன் புள்ளிவிவரம் சொன்னது அதைத்தான். ஆனால், சந்தைப் பங்கு குறைவதும் ஒரு கலை சாவதும் ஒன்று இல்லை.

ஹாலி இறந்த சில மாதங்களிலேயே, அவர் வீட்டில் பதிவு செய்த டேப்களின் மேல் வேறு கலைஞர்களை வாசிக்க வைத்துப் பதிவுக் கம்பெனி பாட்டுகளாக வெளியிட்டது. 2023-ல் லெனனின் பழைய வீட்டு கேசட்டிலிருந்து அவர் குரலை மட்டும் மெஷின் லேர்னிங் மூலம் பிரித்தெடுத்து, பீட்டில்ஸின் 'நவ் அண்ட் தென்' வெளியானது. 2025-ல் அதற்கு ராக் பிரிவில் கிராமி விருதும் கிடைத்தது. தொழில்நுட்பம் புதுசு, வேலை 1959-ல் செய்த அதே வேலை. 2019-ல் ஹாலியையே ஹாலோகிராம் உருவத்தில் மேடையேற்றி அமெரிக்காவில் ஊர் ஊராகக் காட்டினார்கள். டிக்கெட் விற்றது. ஆனால், அந்த உருவத்தால் புதுசாக ஒரு பாட்டை எழுத முடியாது.

உயிரோடு இருந்த ஹாலி 17 மாதத்தில் கன்ட்ரி, போ டிட்லி தாளம், இரட்டைக் குரல், வயலின் வரிசை என்று மாறிக்கொண்டே இருந்தார். செத்த பிறகுதான் அவர் ஒரே கண்ணாடி, ஒரே கிட்டார், ஒரே சத்தம் என்று உறைந்து நிற்கிறார். ராக்குக்கு ஆபத்து மாற்றத்தில் இல்லை, இப்படி உறைய வைப்பதில்தான் இருக்கிறது.

அதனால் ராக் செத்துப்போச்சு என்று அடுத்த முறை யாராவது போஸ்ட் போட்டால், எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். பட்டியலில் இடத்தை வைத்தா, நட்சத்திரங்களின் எண்ணிக்கையை வைத்தா, இல்லை, சொந்தமாகப் பாட்டெழுதி, கையில் கிடைத்த அட்டைப்பெட்டியைத் தட்டியாவது அதைப் பதிவு செய்கிற 20 வயதுக்காரர்களை வைத்தா? முதல் இரண்டையும் இன்றைக்கே எண்ணிவிடலாம். மூன்றாவதை எண்ண, 1959-ல் யாரிடமும் ஒரு வழி இருக்கவில்லை.